முகவாய்க்குக் கீழே மிச்சத் தோல்

கழுத்துத் தோல் மறுபடியும் தளர்ந்துவிட்டது. ஃபேஸ்லிஃப்ட் என்று முகத்தை அறுத்து இழுத்துத் தைத்துக்கொண்டு ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. நேராக நின்றால் தெரியாது. குனிந்து செருப்பு வாரை மாட்டும்போதும், மீன் நறுக்கும்போதும், மடியில் வைத்த கைப்பேசியைப் பார்க்கும்போதும் முகவாய்க்குக் கீழே ஒரு மடிப்பு இறங்குகிறது. இடது தாடை ஓரத்தில் சின்னதாக ஒரு பை. அறுவை செய்த மருத்துவரிடம் காட்டினேன். “சின்ன டச் அப் போதும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் திறந்து, இழுத்துத் தைத்துவிடலாம். அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்” என்றார்.

செய்துகொள்வதா, வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கர்ப்பப்பை எடுத்த கதையை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் தையல் எண்ணிக்கையோடு சொல்வார்கள். முகத்தில் கத்தி வைத்ததைக் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

நான் தக்கலைக்குப் பக்கத்தில் இருப்பவள். கடன் பத்திரங்களின் பொடி எழுத்தைப் படித்துப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டு வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை வந்த பிறகு சோற்றையும் மரச்சீனியையும் குறைத்தேன், உடம்பு இறங்கியது. அப்படி இறங்கும்போது முகம்தான் முந்திக்கொள்ளும். கன்னத்துக் கொழுப்பு போனது, அதைப் போர்த்தியிருந்த தோல் போகவில்லை. எங்கள் ஊரில் மெலிவு என்றாலே நோய்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “ஆளே பாதியாகிவிட்டீர்களே, டெஸ்ட் ஏதாவது எடுத்துப் பார்த்தீர்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சர்க்கரை மருத்துவர் சபாஷ் போட்ட எடையைப் பார்த்து ஊர் துக்கம் விசாரித்தது. அந்த விசாரணைகளை நிறுத்தத்தான் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, கண்ணாடியில் தெரிந்த அந்த முகம் எனக்கே பிடிக்கவில்லை. இதற்கு மேல் யாருக்கும் காரணம் சொல்லக் கடமைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

திருவனந்தபுரத்துக்குப் போனேன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடுதான் இருந்தன. எல்லை மாறிய பிறகும் பெரிய வைத்தியம் என்றால் இந்தப் பக்கத்துக் கால்கள் களியக்காவிளையைத் தாண்டித்தான் நடக்கின்றன. இன்னொரு வசதி, அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நம் சபைக்காரர்கள் எதிர்ப்படும் ஆபத்து கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான்.

அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தளர்வு பற்றிய குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கட்டுப் பிரித்தபோது முகம் இறுக்கமாக, பளபளவென்று இருந்தது. நான் அதைத்தான் பலன் என்று நினைத்தேன். அதில் பெரும்பங்கு வீக்கம். திசுக்களில் தேங்கிய நீர் உள்ளிருந்து தோலை உந்திக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற நீலமும் வீக்கமும் சில வாரங்களில் வடிந்துவிடும். மிச்ச வீக்கம் வடிய மாதக்கணக்காகும். அது வடிய வடிய, “போச்சே, தளர்கிறதே” என்று நாம் பதறுகிறோம். அப்போது தளர்ந்து போவது அறுவையின் பலன் அல்ல, வீக்கம் கொடுத்திருந்த இரவல் இறுக்கம். ஆகவேதான் ஆறு மாதத்துக்கு முன்னால் மறு அறுவையைப் பற்றிப் பேசவே கூடாது, தழும்பு மிருதுவாகி நிறம் அடங்க ஒரு வருடம் காத்திருந்தால் இன்னும் நல்லது என்று கவனமான மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

என் மடிப்பு வீக்கம் வடிந்ததால் மட்டும் வந்ததல்ல. ஆறு மாதம் கழிந்த பிறகும் அது மெல்ல இறங்கியது. ஏன் என்று தெரிந்துகொள்ள முகத்தின் உள்ளடுக்குகளைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது.

தோலுக்குக் கீழே கொழுப்பு. அதற்கும் கீழே தசைநாரால் ஆன மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கிறது. அறுவை மருத்துவர்கள் அதை ஸ்மாஸ் என்கிறார்கள். கழுத்துக்கு இறங்கினால் அதுவே பிளாட்டிஸ்மா என்ற அகலமான தசையாகத் தொடர்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அந்த விரிப்புக்கும் அடியில் ஓடுகின்றன. வயதானால் தோல் மட்டும் தொங்குவதில்லை. இந்த விரிப்பும் அதோடு ஒட்டிய கொழுப்பும் சேர்ந்து சரிகின்றன. இது மருத்துவ உலகத்துக்கே தாமதமாகத்தான் தெளிவானது. 1901-இல் பெர்லினில், போலந்துப் பிரபு குடும்பத்துப் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டதற்காகக் காதோரத்துத் தோலை நீள்வட்டத் துண்டுகளாக வெட்டியெடுத்துத் தைத்ததாக ஆய்கன் ஹோலண்டர் என்ற மருத்துவர் பின்னாளில் எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு வேலை முழுவதும் தோலில்தான் நடந்தது. 1974-இல் சுவீடனின் ஸ்கூக் என்ற மருத்துவர், தோலை அடியடுக்கிலிருந்து பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தே தூக்கிக் காட்டினார். 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் அந்த விரிப்பை விவரித்துப் பெயரும் வைத்தார்கள். இன்றைய நல்ல ஃபேஸ்லிஃப்ட் எல்லாம் அதைத் தூக்கிக் கட்டிவிட்டு, மேலே மிஞ்சும் தோலை மட்டும் இழுவை இல்லாமல் வெட்டித் தைப்பதுதான். ஓட்டு வீட்டில் கைமரம் தாழ்ந்த பிறகு ஓடுகளை மட்டும் இறக்கி ஏற்றி அடுக்கினால் அடுத்த மழைக்காலம்வரை ஒழுகாது, அவ்வளவுதான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் சுசான் நோயல். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸில் முக அறுவை செய்த பெண் மருத்துவர். வேலைக்குப் போகும் பெண்கள் அவரைத் தேடி வருவார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசி போட்டு, காதோரத்திலும் முடிவரையிலும் சிறு சிறு துண்டுகளாகத் தோலை எடுத்துத் தைத்து, முடியை மேலே சீவிவிட்டு அன்றைக்கே அனுப்பிவிடுவார். தளர்ந்தால் திரும்பவும் வரலாம். என் மருத்துவர் இப்போது எனக்குத் தர விரும்புவது, பெயர்தான் புதிது, ஏறக்குறைய அந்த வைத்தியம்தான். 1924-இல் பாரிஸில் வேலை செய்யும் பெண்களுக்கான சொராப்டிமிஸ்ட் சங்கத்தின் கிளையைத் தொடங்கியவரும் அவரே. அழகு அறுவையை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்களிடம், சம்பாதிக்கும் பெண்ணுக்கு முகமும் ஒரு மூலதனம் என்று வாதாடக்கூடியவர் அவர். வங்கிக்காரியான எனக்கு அந்த வாதம் உறைக்கிறது.

ஆனால் தோலை மட்டும் இழுத்தால் ஏன் நிற்காது? இதற்கு நான் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை, என் பாட்டியின் காதே போதும். பாட்டி காது வடித்தவர். சிறுவயதில் காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, கனத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் பாம்படம் தோளைத் தொடும் அளவுக்கு இறக்கினார்கள். பாம்படத்தைக் கழற்றி வைத்த பிற்காலத்திலும் அந்தக் காது மேலே ஏறவில்லை. தொடர்ந்து இழுத்தால் தோல் இடங்கொடுக்கும், இடங்கொடுத்தபின் திரும்பாது. அதை இழுப்பது தங்கமா, மருத்துவரின் நைலான் நூலா என்று தோல் பார்ப்பதில்லை. பாட்டியின் தங்கை கம்மல் போடும் ஆசையில் வடித்த காதை வெட்டித் தைத்துக்கொண்டவர். அவர் காலத்துப் பெண்கள் பலர் அப்படிச் செய்தார்கள். அறுந்த காதுமடலை ஒட்டும் முறைகள் 15 என்று சுசுருத சம்ஹிதை பட்டியலிடுகிறது. 1838-லேயே நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கிவிட்டது. எவரெஸ்டில் ஏறப்போன சாமர்வெல் டாக்டர், 1922 பயணத்துக்குப் பிறகு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை செய்த ஊர் அது. கத்திக்குப் பயந்தவர்கள் அல்ல நாங்கள். அந்தச் சின்னப் பாட்டி தைத்த காதைச் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காட்டுவார். நான்தான் இரண்டு தலைமுறை கழித்து, தாவணித் தலைப்பால் கன்னத்தை மூடிய பெண்ணைப் போல ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

காது என்றதும் என் காதையும் சொல்லிவிட வேண்டும். மடலும் கன்னமும் சேரும் இடத்தில் முன்பு ஒரு சிறு பிளவு இருந்தது, சுண்டுவிரல் நகம் நுழையும். இப்போது அது இல்லை. இடது மடல் கன்னத்தோடு ஒட்டி, கீழ்ப்பக்கமாக இழுபட்டிருக்கிறது. கம்மல் நேராக நிற்காமல் முன்னால் சாய்கிறது. கன்னத் தோலின் பாரம் மடலின் அடியில் விழுந்தால் இப்படி ஆகும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மடலில் உணர்ச்சியும் முழுதாகத் திரும்பவில்லை. கழுத்திலிருந்து காதுக்கு ஏறும் பெரிய உணர்வு நரம்பு அறுவையின் பாதையிலேயே இருப்பதால் இது பலருக்கும் நேர்வது. மாதங்கள் செல்லச் செல்லப் பெரும்பாலும் சரியாகிவிடும். திருகாணியை முறுக்கும்போது அது யாருடைய காதோ என்று தோன்றும். பழகிவிட்டது.

இந்தக் காதைப் பார்த்துதான் முதல் சந்தேகம் வந்தது. ஏற்கெனவே தோலில் இழுவை மிகுந்த இடத்தில், அதே தழும்பைத் திறந்து மேலும் இழுத்தால் என்ன ஆகும்? நாகர்கோவிலில் வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். போவதற்கு முன்னால் முதல் மருத்துவமனையிலிருந்து என் அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கினேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இருக்கிறது. கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது இல்லாமல் இரண்டாவது மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியிருக்கும்.

அவர் முதலில் முகத்தைத் தொடவே இல்லை. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அதை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கச் சொன்னார். பயங்கரம். பிறகு அறைக்குள் வந்த நர்ஸ் பெண்ணையும் அப்படியே பார்க்கச் சொன்னார். முப்பது வயதுகூட இருக்காது, அவளுக்கும் கன்னம் முன்னால் தொங்கியது. “இந்தக் கோணத்தில் யாரும் தப்ப முடியாது, இதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்” என்றார். அடுத்து நேராக உட்காரவைத்து, பல்லைக் கடித்து ‘ஈ’ என்று சொல்லச் சொன்னார். கழுத்தின் நடுவில் இரண்டு நாண்கள் செங்குத்தாக எழும்பின. ஊதா நிறப் பேனாவால் அவற்றின் மேலேயே கோடு போட்டார்.

அதன் பிறகு செய்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. இரண்டு விரலை என் காதுக்குப் பின்னால், பழைய தழும்பின் மேல் வைத்து மேல்நோக்கி இழுத்தார். கண்ணாடியில் பார்த்தேன். தாடை ஓரத்துப் பை தட்டையானது. முகவாய்க்குக் கீழிருந்த மடிப்பு அசையவே இல்லை. இன்னும் பலமாக இழுத்தார், காதுமடல்தான் நீண்டது. கையை எடுத்துவிட்டு, முகவாய்க்கு நேர் கீழே, நடுவில், தோலையும் அதற்கடியில் இருந்ததையும் சேர்த்து இரு விரலால் கவ்வினார். மடிப்பு காணாமல் போனது.

“உங்களைத் தொந்தரவு செய்வது தோல் இல்லை. பிளாட்டிஸ்மாவின் இரண்டு விளிம்பும் நடுவில் விலகி நிற்கின்றன. முதல் அறுவையில் பக்கவாட்டில்தான் இழுத்திருக்கிறார்கள், நடுவைத் திறக்கவில்லை. அது தவறு இல்லை, பலருக்கு அதுவே போதும். உங்களுக்குப் போதவில்லை. காதுக்குப் பின்னால் எவ்வளவு வெட்டினாலும் அந்த இழுவை இவ்வளவு தூரம் வந்து சேராது.”

வலது தாடைக்குக் கீழே இருந்த ஒரு புடைப்பையும் காட்டிக் கேட்டேன். அது எச்சில் சுரப்பி என்றார். எல்லோருக்கும் இருப்பதுதான். முன்பு கொழுப்பு மறைத்திருந்தது. கழுத்து இறுகியதும் வெளியே தெரிகிறது. நானோ அதைத் தோல் என்று எண்ணி, இரவுதோறும் தேங்காயெண்ணெய் போட்டு மேல்நோக்கித் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆக, தளர்வு என்று நான் ஒரே பெயரில் முறையிட்டுக்கொண்டிருந்தது நான்கு தனித்தனிச் சமாசாரங்கள். தாடை ஓரத்துப் பை தோல். நடு மடிப்பு தசை விளிம்பு. புடைப்பு சுரப்பி. மடல் தையலின் பாரம். காதோரம் இழுத்துத் தைக்கும் டச் அப் இவற்றில் முதலாவதைக் கொஞ்ச காலத்துக்குச் சரிசெய்யும், இரண்டாவதையும் மூன்றாவதையும் தொடாது, நான்காவதை மோசமாக்கும். ‘சின்னது’ என்பதால் நான் கிட்டத்தட்ட ஒப்புக்கொள்ளவே இருந்தேன். பெரிய அறுவைக்கு மாதக்கணக்காகக் கேள்வி கேட்டவள், சின்ன அறுவைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன்: எவ்வளவு ஆகும்?

சின்னது எவ்வளவு சின்னது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசி, ஒன்று இரண்டு மணி நேரம், ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு, சில நாள் நீலம். அந்த ஊசியில் அட்ரினலினும் கலந்திருக்கும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு, சில மணி நேரம் கழித்து, உள்ளே கசிவு தொடங்கலாம். தோலுக்கடியில் ரத்தம் கட்டுவதுதான் இந்த அறுவைகளில் மிக அதிகமாக நேரும் சிக்கல், அதுவும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில். “அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்” என்பதை மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குச் சொல்லலாம். என் வீடு 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. நடுராத்திரி கன்னம் ஒருபக்கம் வீங்கினால், மார்த்தாண்டம் பாலம் ஏறி, களியக்காவிளை தாண்டி, பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர வேண்டும். எது செய்தாலும் அன்று இரவு திருவனந்தபுரத்திலேயே அறை எடுத்துத் தங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாம் முறை திறக்கும்போது இன்னொன்றும் உண்டு. முதல் அறுவையில் அழகாகப் பிரிந்த அடுக்குகள் இப்போது தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நரம்பு எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம். நம் நிறத் தோலுக்குத் தனிக் கவலை: காயம் ஆறிய இடம் கறுத்துப்போகும், சிலருக்குத் தழும்பு புடைத்து எல்லை மீறி வளர்ந்து கெலாய்டு ஆகும். காது அதற்குப் பேர்போன இடம். என் சித்திக்கு மேல்காது குத்திய இடத்தில் அப்படி வளர்ந்தது. வெட்டினார்கள், மறுபடி வளர்ந்தது. எனக்கு முதல் அறுவைத் தழும்பு அடங்கியே இருக்கிறது என்பதால் ஓரளவு தைரியம். புகைப்பவர்கள் இதையெல்லாம் நினைக்கவே கூடாது. தோலுக்கு ரத்தம் போதாமல் விளிம்பு அழுகிப்போகலாம். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர், அதைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 7 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று நிபந்தனை. மாம்பழப் பருவம் முடியட்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கத்தி இல்லாத வழிகளையும் விசாரித்தேன். ரேடியோ அலையால் சூடுபடுத்துவது, அல்ட்ராசவுண்டைக் குவித்துச் சுடுவது, நூல் போட்டு இழுப்பது. சூடு பட்ட இடத்தில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகித் தோல் கொஞ்சம் சுருங்கும். பலன் தெரிய மாதங்கள் ஆகும், தெரிந்தாலும் சுமாராகவே தெரியும். கன்னத்தில் ஏற்கெனவே கொழுப்பு இல்லாத என் போன்றவர்களுக்குச் சூடு ஆழமாக இறங்கினால் மிச்சமிருக்கும் கொழுப்பும் கரையும் ஆபத்து இருக்கிறது. கரையும் நூல்கள் மாதங்கள் செல்லச் செல்லக் கரைந்துவிடும். பிளாட்டிஸ்மாவின் விளிம்பை இவை எதுவும் சேர்க்காது. இப்போது நம் சிறு நகரங்களில் புருவம் திருத்தும் இடத்திலேயே இந்த இயந்திரங்களை வைத்துக்கொண்டு ‘கத்தியில்லா ஃபேஸ்லிஃப்ட்’ என்று பலகை மாட்டுகிறார்கள். மருத்துவர் இல்லாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பணத்துக்கு வருகிறேன். மருத்துவ சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி கிடையாது. அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்கு உண்டு. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் கோளாறு, விபத்துக் காயம் இவற்றைச் சீரமைத்தால் விலக்கு. என்னுடையது அந்தக் கணக்கில் வராததால் முதல் பில்லிலேயே 18 சதவீதம் கட்டினேன். மருத்துவக் காப்பீடும் பைசா தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பைத் தவிர அழகு அறுவை பாலிசிகளில் விலக்கப்பட்டது. மறு அறுவை என்றால் மருத்துவர் ‘இலவசமாகச் செய்துதருகிறேன்’ என்பார். அந்த இலவசத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவருடைய கட்டணத்தை விட்டுக்கொடுப்பார். தியேட்டர் வாடகை, மயக்க மருத்துவர், மருந்து, அறை எல்லாம் நம் தலையில். சிலர் முதல் அறுவை முடிந்து ஒரு வருடத்துக்குள் என்று கெடுவும் வைப்பார்கள். தழும்பு ஆற ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வதும், இலவசம் ஒரு வருடத்தில் முடிவதும் ஒரே வாயிலிருந்து வரும்போது, காத்திருந்தால் நஷ்டம் என்று நோயாளி அவசரப்படுவது இயல்பு. கடன் பத்திரத்தில் இப்படி ஒரு நிபந்தனை இருந்திருந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு எச்சரித்திருப்பேன்.

இனி மயினி. அண்ணனின் மனைவி. அறுவை பற்றி அவர்களிடம் நான் சொல்லவில்லை; அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுக்களையில் ஏத்தங்காய் சீவிக்கொண்டே என் காதோரத்தை ஒரு பார்வை பார்த்து, “எட்டி, தையல் நல்லாத்தான் இருக்கிறது” என்றார்கள். நான் கத்தியைக் கீழே போட்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஊரிலும் சொல்லவில்லை. இப்போது அவர்கள் மகனுக்குச் செப்டம்பரில் கல்யாணம். “வீடியோக்காரன் கீழேயிருந்துதான் எடுப்பான். நாடிக்குக் கீழே அதையும் சரிசெய்துவிடேன், கல்யாணத்துக்கு முன்னால்” என்கிறார்கள். முதல் மருத்துவரும் கல்யாணத் தேதியைக் கேட்டுவிட்டு, அதற்குள் முடித்துவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் மட்டும், “எனக்கு ஒன்றும் தொங்குவதாகத் தெரியவில்லை” என்றார். அவர் கண்ணாடி போடாமல் பார்த்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கல்யாணத்துக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுத் தழும்போடு மண்டபத்தில் நின்று, வருகிறவர்கள் எல்லோரும் கன்னத்தோடு கன்னம் உரச, நெற்றியில் வியர்வை வழிய இரண்டு நாள் அலைவதற்கு, ஒரு மடிப்போடு நிம்மதியாகச் சாப்பிடுவது மேல். பந்தியில் குனியாமல் பாயசம் சாப்பிட முடியாது. யாரும் என் இலையை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்க்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு செய்துகொள்வேன். காதோர இழுவை இல்லை; முகவாய்க்கு அடியில் சிறு கீறல், தசை விளிம்புகளை நடுவில் சேர்த்துத் தைப்பது. இது நாற்காலியில் உட்காரவைத்துச் செய்யும் டச் அப் அல்ல, தியேட்டரில், மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டியது. அதே நேரத்தில் இடது மடலையும் விடுவித்துவிடலாம். தாடை ஓரத்துப் பையை விட்டுவிடப் போகிறேன். அறுபதைத் தாண்டிய தாடையில் அதுகூட இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும். சுரப்பியை யாரும் தொட வேண்டாம். இதெல்லாம் செய்தாலும் வயது நிற்கப் போவதில்லை. ஃபேஸ்லிஃப்டின் பலனே ஏழிலிருந்து பத்து வருடம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள்; கழுத்து அதற்கும் முந்திக்கொள்ளும். அது தெரிந்துதான் செய்கிறேன்.

யாரிடம் செய்வது என்பதில் சிறிது தடுமாறினேன். கடைசியில் முதல் மருத்துவரிடமே போனேன். உள்ளே எங்கே தைத்தார் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நாகர்கோவில் மருத்துவர் எழுதிக் கொடுத்த குறிப்பை மேசைமேல் வைத்தேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் எழுந்து வந்து, அவரும் என்னை ‘ஈ’ சொல்லச் சொன்னார், அவரும் நடுவில் கவ்விப் பார்த்தார், “சரி, நடுவைத் திறக்கலாம்” என்றார். ஒரு வருடக் கெடுவைப் பற்றிக் கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு என்றாலும் அவர் கட்டணம் வாங்க மாட்டார் என்றார். வாய்ச்சொல்லாக வேண்டாம், எழுதித் தாருங்கள் என்றேன். மருத்துவமனை முத்திரையோடு எழுதித் தந்தார்: மருத்துவர் கட்டணம் இல்லை, தியேட்டர், மயக்க மருத்துவர், ஒரு இரவு அறை, வரி என்னுடையவை. அக்டோபரில் சர்க்கரை ரிப்போர்ட்டோடு வரச் சொல்லியிருக்கிறார்.